45 டிகிரி விதி குண்டு எறிதலில் ஏன் பலிப்பதில்லை?

பதினொன்றாம் வகுப்பில் எறிபொருள் இயக்கம் படிக்கும் ஒரு தம்பி, பள்ளி அணிக்காகக் குண்டு எறிபவர், மூன்று சந்தேகங்களைக் கேட்டிருக்கிறார். 45 டிகிரியில் எறிந்தால் அதிக தூரம் போகும் என்று பாடம் சொல்கிறது. பிறகு ஏன் உலகத்தரமான வீரர்கள் 35, 37 டிகிரியில் எறிகிறார்கள்? தூரத்துக்கான சமன்பாட்டில் நிறை என்பதே இல்லை. பிறகு ஏன் 5 கிலோ குண்டு போகும் தூரத்துக்கு 7.26 கிலோ குண்டு போவதில்லை? பயிற்சி நேரத்தைக் கோணத்தைத் திருத்தச் செலவழிப்பதா, வேகத்தைக் கூட்டச் செலவழிப்பதா?

மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பாடத்தில் வரும் சமன்பாடு, குண்டு கையை விட்டுப் பிரிந்த கணத்திலிருந்துதான் தொடங்குகிறது. இன்ன வேகம், இன்ன கோணம் என்று கணக்கிலேயே கொடுத்துவிடுகிறார்கள். 2.135 மீட்டர் விட்டமுள்ள எறிவட்டத்துக்குள் நிற்கும்போது அப்படி யாரும் கொடுப்பதில்லை. அந்த வேகத்தை உங்கள் கால், இடுப்பு, தோள், கை எல்லாம் சேர்ந்து உண்டாக்க வேண்டும். கோணத்தை மாற்றினால் அந்த வேகமும் மாறும். நிறையை மாற்றினாலும் மாறும். சமன்பாட்டில் தனித்தனியாக நிற்கும் மூன்றும் உடம்புக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில் காற்றில் நடப்பதைப் பார்த்துவிடுவோம், அது எளிது. பறக்கும் குண்டின் வேகத்தை முன்னோக்கிய பங்கு, மேல்நோக்கிய பங்கு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், முன்னோக்கிய பங்கைக் குறைக்க எதுவுமே இல்லை. எறிந்தபோது இருந்ததுதான் விழும்போதும் இருக்கும். மேல்நோக்கிய பங்கை மட்டும் புவியீர்ப்பு ஒவ்வொரு வினாடியும் 9.8 மீட்டர்/வினாடி வீதம் குறைத்துக்கொண்டே போகும். ஆக, குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும் என்பதை மேல்பங்கு முடிவு செய்கிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு முன்னே போகும் என்பதை முன்பங்கு முடிவு செய்கிறது. தூரம் இந்த இரண்டின் பெருக்கல். ஒரே வேகத்தை இரண்டு திசைக்கும் பங்கிடும்போது, பங்குகள் சமமாக இருந்தால்தான் பெருக்கல் தொகை உச்சத்தில் இருக்கும். 45 டிகிரி என்பது அந்தச் சமப்பங்கு, அவ்வளவுதான்.

பாடப்புத்தகம் கிடைத்தள நெடுக்கம் என்று சொல்வது இதைத்தான்: வேகத்தின் வர்க்கத்தை, கோணத்தின் இருமடங்குக்கான சைன் மதிப்பால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கத்தால் வகுக்க வேண்டும். வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் தரைமட்டத்திலிருந்து 45 டிகிரியில் எறிந்தால் சரியாக 20 மீட்டர் வரும். அதே வேகத்தில் 30 டிகிரியில் எறிந்தாலும் 60 டிகிரியில் எறிந்தாலும் தூரம் ஒன்றேதான், 17.3 மீட்டர். ஆனால் பயணம் ஒன்றல்ல. 30 டிகிரியில் எறிந்தது 2.5 மீட்டர் உயரம் ஏறி 1.43 வினாடியில் இறங்கிவிடும். 60 டிகிரியில் எறிந்தது 7.5 மீட்டர் உயரம் போய் 2.47 வினாடி கழித்துத்தான் தரைக்கு வரும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை அனுப்பும் ஃபீல்டர் தாழ்வாகவே எறிவதற்குக் காரணம் இந்த ஒரு வினாடிதான். ரன் அவுட் செய்ய அது போதும்.

இனி 45-லிருந்து விலகும் முதல் காரணம். மேலே சொன்ன சமன்பாடு, எறிந்த உயரமும் விழுந்த உயரமும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. குண்டு எறிபவரின் கை தரையில் இல்லை. உயரமான வீரர் ஒருவர் கையை முழுக்க நீட்டி விடும்போது குண்டு தரையிலிருந்து 2.1 மீட்டர் போல உயரத்தில் இருக்கும். கடைசியில் அந்த 2.1 மீட்டரையும் சேர்த்து இறங்க வேண்டியிருப்பதால், பறக்கும் நேரத்தின் ஒரு பகுதி சும்மாவே கிடைத்துவிடுகிறது. சும்மா கிடைத்த நேரத்துக்காக மேல்நோக்கிய வேகத்தைச் செலவழிக்க வேண்டாம். அதை முன்னோக்கிய பங்குக்குத் திருப்பிவிடலாம். எனவே சிறந்த கோணம் 45-க்குக் கீழே இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 14 மீட்டர்/வினாடி வேகத்துக்கும் 2.1 மீட்டர் உயரத்துக்கும் சிறந்த கோணம் 42 டிகிரியை ஒட்டி வருகிறது, தூரம் 22.0 மீட்டர். தரைமட்டத்தில் 20-ஆக இருந்தது, கையின் உயரத்தால் மட்டும் 2 மீட்டர் கூடியிருக்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் குறையக் குறையச் சிறந்த கோணமும் இறங்கும். 1.7 மீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் எறியும் பள்ளி மாணவருக்கு அது 39 டிகிரிதான். தூரம் 8 மீட்டர் போல. மெதுவாக எறிபவருக்கு மொத்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் கையின் உயரம் பெரிய பங்கு, அதனால்தான் இப்படி. எறியக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் "45-ல் எறி, 45-ல் எறி" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் தெரியாமல் அவர்களுக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள். அந்த அறிவுரை மிகக் குறைவாகப் பொருந்துவது அவர்களுக்கே.

சரி, 42 வரைக்கும் வந்துவிட்டோம். ஆனால் வீரர்கள் எறிவது பெரும்பாலும் 35-க்கும் 38-க்கும் இடையில். மீதி 5 டிகிரி எங்கே போனது? கையின் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் விளக்கங்கள்தான் அதிகம். விஷயத்தின் சாரமே இதற்கு மேல்தான் இருக்கிறது.

முதலில், 5 டிகிரி தவறினால் எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். அதே 14 மீட்டர்/வினாடி, அதே 2.1 மீட்டர் உயரம். 42 டிகிரியில் 22.00 மீட்டர். 45-ல் 21.92. 37-ல் 21.69. 35-ல் 21.42. 32 வரை இறக்கினால்கூட 20.87. உச்சிக்கு அருகில் வளைவு தட்டையாகத்தான் இருக்கும். உச்சப் புள்ளியில் சாய்வு பூஜ்யம் என்று வகைக்கெழுப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதன் நேரடி விளைவு இது. 42-ஐ விட்டு 37-க்கு வந்தால் போவது 30 சென்டிமீட்டர் மட்டும்.

இப்போது வேகத்தை மாற்றிப் பாருங்கள். 13 மீட்டர்/வினாடியில் சிறந்த கோணத்தில் எறிந்தால் 19.2 மீட்டர். 14-ல் 22.0. வினாடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகம் கூடினால் 2.8 மீட்டர் தூரம் கூடுகிறது. தூரம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், வேகத்தில் ஒரு சதவீதம் கூடினால் தூரத்தில் இரண்டு சதவீதத்தை ஒட்டிக் கூடும். கோணத்தில் 5 டிகிரி தவறி இழந்த 30 சென்டிமீட்டரை மீட்க 0.11 மீட்டர்/வினாடி போதும், அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 37 டிகிரியில் 14.3 மீட்டர்/வினாடியில் எறிபவருக்கு 22.5 மீட்டர் கிடைக்கும். "சரியான" 42 டிகிரியில் 14.0-ல் எறிபவரை அவர் அரை மீட்டர் முந்திவிடுவார்.

கோணத்தைத் தாழ்த்தினால் வேகம் உண்மையிலேயே கூடுமா? கூடும், இரண்டு வழியில்.

ஒன்று ஈர்ப்பு. கழுத்தோடு ஒட்டியிருந்த குண்டைக் கடைசித் தள்ளலில் கை ஒன்றரை மீட்டருக்கும் மேல் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் பாதை எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தசைகள் செய்யும் வேலையில் ஒரு பகுதி குண்டைத் தூக்குவதிலேயே போய்விடும், வேகமாக மாறாது. 1.65 மீட்டர் பாதை என்று வைத்து, 37-க்கும் 42-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டேன். ஈர்ப்பினால் மட்டும் 0.08 மீட்டர்/வினாடி போகிறது. நாம் தேடும் 0.11-ல் பெரும்பகுதி இதிலேயே வந்துவிட்டது.

இரண்டாவது உடலின் அமைப்பு. ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் செய்பவர் யாரையும் கேளுங்கள்: படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளும் எடையைத் தலைக்கு மேல் தூக்கித் தள்ள முடியாது. மார்புத் தசைகள் முன்னோக்கித் தள்ளுவதற்கு வாகாக அமைந்தவை. கை மேலே ஏற ஏற அவற்றின் உதவி குறைந்து தோளின் மேல் பாரம் கூடிவிடுகிறது. எனவே தாழ்வான கோணத்தில் குண்டின் மேல் விழும் விசையே அதிகம். இந்த இரண்டும் சேரும்போது ஒவ்வொருவருக்கும் கோணம் கூடக் கூட வேகம் குறையும் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டின் சாய்வு ஆளுக்கு ஆள் வேறு. தூரத்துக்கான சமன்பாட்டில் வேகத்தை மாறிலியாக வைக்காமல் இந்தக் கோட்டை வைத்துக் கணக்கிட்டால், உச்சம் 42-லிருந்து நகர்ந்து முப்பதுகளின் நடுவுக்கு வந்துவிடும். வீரர்கள் 37-ல் எறிவது இயற்பியலை மீறி அல்ல. பாடத்தில் சேர்க்காமல் விட்ட இயற்பியலை அவர்களுடைய உடம்பு சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இதே விஷயம் நீளம் தாண்டுதலில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் சந்தேகமே இருக்காது. அங்கே எறிபொருள் என்பது தாண்டுபவரின் உடம்புதான். நல்ல வீரர்கள் பலகையை விட்டு எழும்பும் கோணம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஓடி வந்த வேகம் முழுவதும் முன்னோக்கியது. கால் பலகையில் பட்டு எழும்பும் அந்த ஒரு கணத்தில் மேல்நோக்கிச் சேர்க்க முடிவது வினாடிக்கு மூன்றரை மீட்டர் போலத்தான். முன்னோக்கி 9, மேல்நோக்கி 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் 21 டிகிரி. எழும்பும்போது இருந்ததைவிட இறங்கும்போது உடலின் நிறைமையம் 60 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும் என்று எடுத்தால், 0.86 வினாடியில் 7.7 மீட்டர் போய்விடுகிறது. பலகையைத் தாண்டி முன்னே சாய்ந்திருப்பதும் காலை நீட்டி இறங்குவதும் சேர்ந்தால் 8 மீட்டரைத் தாண்டும். 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்த தமிழ்நாட்டு வீரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் செய்ததும் இந்த வகைத் தாண்டல்தான். அவர் 45 டிகிரிதான் வேண்டும் என்று நின்றிருந்தால்? மேல்நோக்கிய வேகத்தை 4-க்கு ஏற்றியிருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். முன்னோக்கிய வேகமும் 4-ஆக இருந்தால்தான் 45 வரும். அதற்கு ஓட்டத்தையே மெதுநடையோட்டமாகக் குறைக்க வேண்டும், தூரம் 3.8 மீட்டரில் முடிந்துவிடும். வேகத்தைப் பலிகொடுத்து வாங்கும் கோணத்தின் விலை இது.

இப்போது நிறை. இங்கேதான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். குழப்பத்துக்குக் காரணம், நிறை இரண்டு இடத்தில் இரண்டு வேறு வேலை செய்வதுதான்.

கையை விட்ட பிறகு, காற்று இல்லை என்று வைத்தால், நிறைக்கு எந்த வேலையும் இல்லை. 7.26 கிலோ குண்டைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது. ஆனால் அதே அளவுக்கு அதன் வேகத்தை மாற்றுவதும் கடினம். ஒன்று கூடும் விகிதத்திலேயே மற்றதும் கூடுவதால் முடுக்கம் மாறுவதில்லை. 4 கிலோ குண்டும் 7.26 கிலோ குண்டும் ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில், ஒரே உயரத்திலிருந்து கிளம்பினால் ஒரே இடத்தில்தான் விழும். சமன்பாட்டில் நிறை வராததற்குப் பொருள் இதுதான். "நிறை தூரத்தைப் பாதிக்காது" என்று அதைப் படிக்கக் கூடாது. "வேகம் ஒன்றாக இருந்தால் பாதிக்காது" என்று படிக்க வேண்டும். அந்த "இருந்தால்" கையில் நிறைவேறுவதே இல்லை.

கையில் என்ன நடக்கிறது? எளிமையாக யோசித்தால், தசைகள் கொடுக்கும் ஆற்றல் ஒரே அளவு, அது முழுவதும் குண்டின் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 14 மீட்டர்/வினாடியில் போகும் 7.26 கிலோ குண்டின் இயக்க ஆற்றல் 711 ஜூல். அதே 711 ஜூலை 5 கிலோ குண்டுக்குக் கொடுத்தால் அது கிட்டத்தட்ட 16.9 மீட்டர்/வினாடியில் கிளம்பி 31 மீட்டர் போக வேண்டும். 22 எறிபவர் 31 எறிவாரா? மாட்டார்.

நிஜத்தில் எவ்வளவு என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஜாக்கோ கில் 2011-ல், இளையோராக இருந்தபோது, 5 கிலோ குண்டை 24.45 மீட்டர் எறிந்தார். அதே ஆண்டில் பெரியவர்களுக்கான 7.26 கிலோ குண்டை 20 மீட்டருக்குச் சற்று மேல் எறிந்தார். ஒரே உடம்பு, ஒரே ஆண்டு, நிறை மட்டும் வேறு. இதைவிட நல்ல சோதனை அமைவது அரிது. தூரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் 5 கிலோவுக்கு 14.8 மீட்டர்/வினாடி போலவும், 7.26 கிலோவுக்கு 13.4 போலவும் வருகிறது. ஆற்றலாகப் பார்த்தால் இலேசான குண்டுக்கு ஏறக்குறைய 550 ஜூல், கனமான குண்டுக்கு 650. இலேசான குண்டு வேகமாகப் போனது உண்மை; ஆனால் அது வாங்கிக்கொண்ட ஆற்றல் குறைவு.

மீதி ஆற்றல் எங்கே? பெரும்பகுதி கையிலேயே இருக்கிறது. குண்டு மட்டும் 14 மீட்டர்/வினாடிக்குப் போவதில்லை. உள்ளங்கை, முன்கை, மேற்கை, தோள் எல்லாம் அதோடு சேர்ந்து வேகம் பெற வேண்டும். குண்டை இலேசாக்கலாம், கையை இலேசாக்க முடியாது. கில்லின் இரண்டு எறிதலிலும் மொத்த ஆற்றல் ஒன்றே என்று வைத்துக்கொண்டு, குண்டோடு சேர்ந்து நகர்ந்த உடலின் நிறை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோவை ஒட்டி வந்தது. கட்டுமஸ்தான ஒருவரின் கையின் எடைக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். இது தோராயக் கணக்குத்தான், எறிந்த உயரத்தையும் கோணத்தையும் நானாக ஊகித்து வைத்தது. ஆனாலும் திசை சரி: ஐந்து கிலோ குண்டை எறிபவர் உண்மையில் பத்துக் கிலோ போல எதையோ முடுக்குகிறார்.

இன்னொரு காரணம் தசையின் இயல்பு. தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அது தரும் விசை குறையும். இந்த உறவை 1938-ல் அளந்து காட்டியவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ. வி. ஹில். கனமான குண்டு மெதுவாக நகர்வதால் தசைக்கு முழு விசையோடு தள்ள நேரம் கிடைக்கிறது. இலேசான பொருள் முன்னே ஓடிவிடும், கை துரத்திக்கொண்டு போகும். டேபிள் டென்னிஸ் பந்தை முழு பலத்தோடு எறிய முயன்றவர்களுக்கு, கையில் எதுவுமே அகப்படாத அந்த உணர்வு தெரிந்திருக்கும்.

அந்தப் பந்தைச் சொன்னதும், நிறை வேலை செய்யும் மூன்றாவது இடம் வந்துவிட்டது: காற்று. காற்றுத் தடை பொருளின் குறுக்களவையும் வேகத்தையும் பொறுத்தது, நிறையைப் பொறுத்தது அல்ல. ஆனால் அந்தத் தடையால் வேகம் எவ்வளவு மாறும் என்பது நிறையைப் பொறுத்தது. 14 மீட்டர்/வினாடியில் போகும் குண்டின் மேல் காற்றுத் தடை 0.7 நியூட்டன் போல. குண்டின் எடை 71 நியூட்டன். ஒரு சதவீதம்தான். 22 மீட்டரில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் குறையும், அவ்வளவே. அதே வேகத்தில் 2.7 கிராம் டேபிள் டென்னிஸ் பந்தின் மேல் 0.07 நியூட்டன், குண்டின் மேல் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் பந்தின் எடை 0.026 நியூட்டன்தான். தன் எடையைப் போல இரண்டரை மடங்கு தடையை அது சந்திக்கிறது, உடனே நின்றுபோகிறது. கிரிக்கெட் பந்து இரண்டுக்கும் நடுவில்: வினாடிக்கு 30 மீட்டரில் எறிந்தால் தடை அதன் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். எனவே பரவளையம், 45 டிகிரி என்ற பாடக்கணக்கைக் குண்டுக்குத் தைரியமாகப் பயன்படுத்தலாம். கிரிக்கெட் பந்துக்கு எச்சரிக்கையோடு. டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கூடவே கூடாது.

ஈட்டியை வேண்டுமென்றேதான் தள்ளி வைத்திருக்கிறேன். அது காற்றில் சும்மா விழுவதில்லை, மிதந்தும் போகும். அதன் நிறை எவ்வளவு என்பதோடு அந்த நிறை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் தூரத்தை மாற்றும். 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தபோது மைதானமே போதாமல் போகும் நிலை வந்தது. 1986 முதல் ஆண்கள் ஈட்டியின் நிறைமையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினார்கள். ஈட்டியின் நிறை அதே 800 கிராம்தான். முனை சீக்கிரம் கீழே சாய்ந்ததால் தூரம் குறைந்தது. அந்தக் கணக்கு தனிப் பதிலுக்கு உரியது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம், தம்பி. கோணமா, வேகமா? குண்டு எறிதலின் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. 1950-களில் அமெரிக்காவின் பேரி ஓ'பிரையன், எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று சறுக்கி வரும் பாணியைக் கொண்டுவந்தார். 1976-ல் சோவியத் வீரர் அலெக்சாண்டர் பாரிஷ்னிகோவ் வட்டத்துக்குள் சுழன்று எறிந்து அதிகாரபூர்வ உலகச் சாதனையை முதன்முதலாக 22.00 மீட்டருக்குக் கொண்டுபோனார். இரண்டு மாற்றமும் கோணத்துக்காக நடந்தவை அல்ல. குண்டின் மேல் விசை செயல்படும் பாதையை நீட்டி, கை விடும்போது வேகத்தைக் கூட்டத்தான் நடந்தன. 1990-ல் அமெரிக்காவின் ராண்டி பார்ன்ஸ் 23.12 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார். 2023-ல் லாஸ் ஏஞ்சலீஸில் இன்னொரு அமெரிக்கர் ரையன் கிரவுசர் 23.56 எறிந்து உலகச் சாதனை படைத்தார். 33 ஆண்டு இடைவெளியில் கூடிய அந்த 44 சென்டிமீட்டரை வேகமாக மாற்றினால் வினாடிக்கு 0.15 மீட்டர், ஒரு சதவீதம்! 2023 ஜூனில் புவனேஸ்வரில் 21.77 எறிந்து ஆசியச் சாதனை படைத்த தஜிந்தர்பால் சிங் தூருக்கும் கிரவுசருக்கும் உள்ள இடைவெளி 0.6 மீட்டர்/வினாடி போலத்தான் இருக்கும். இந்தத் தரத்தில் வேகத்தை ஒவ்வொரு 0.1 மீட்டர்/வினாடி கூட்டவும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். ஹெல்சிங்கியைவிடச் சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் சற்றுக் குறைவு என்பதால், அதே எறிதல் இங்கே ஏழெட்டு சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சாதனைகள் இருபது சென்டிமீட்டரில் மாறும் விளையாட்டில் அது சின்ன விஷயமல்ல.

உங்கள் நிலையை நீங்களே அளந்துகொள்ளலாம், மொபைல் போதும். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். குண்டு விரலை விட்ட ஃபிரேமிலிருந்து தரையைத் தொட்ட ஃபிரேம் வரை நேரத்தை எண்ணுங்கள். கை விட்ட உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தை எறிவட்டத்தின் முன்விளிம்பில் இருக்கும் தடுப்புப் பலகையிலிருந்து அளக்காதீர்கள். கை விட்ட புள்ளிக்கு நேர் கீழே இருந்து அளக்க வேண்டும், ஏனென்றால் கை பலகைக்கு முன்னே நீண்டிருக்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் முன்னோக்கிய வேகம். 4.9-ஐ நேரத்தால் பெருக்கி, அதிலிருந்து உயரத்தை நேரத்தால் வகுத்து வருவதைக் கழித்தால் மேல்நோக்கிய வேகம்.

ஓர் எடுத்துக்காட்டு: தூரம் 9 மீட்டர், நேரம் 1.5 வினாடி, உயரம் 1.7 மீட்டர். முன்னோக்கி 6 மீட்டர்/வினாடி. மேல்நோக்கி 7.35-லிருந்து 1.13 போக 6.22. மொத்த வேகம் 8.64, கோணம் 46 டிகிரி. இவர் வேகத்தைக் கூட்டாமல் 38-க்கு இறங்கினால் கிடைப்பது 15 சென்டிமீட்டர்தான். ஆனால் 38-ல் உடம்பு இன்னும் வாகாகத் தள்ளும். அதனால் வெறும் 0.3 மீட்டர்/வினாடி கூடினாலும் 9.7 மீட்டர் ஆகிவிடும். ஸ்லோ மோஷன் இல்லாத சாதாரண வீடியோவில் ஒரு ஃபிரேம் தவறினாலே கோணம் ஒன்றரை டிகிரி மாறிவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

இப்படிப் பல எறிதல்களை எடுத்து, கோணத்தைக் கிடை அச்சிலும் வேகத்தை நெடு அச்சிலும் குறித்தால், மேலே சொன்ன அந்தச் சரிந்து இறங்கும் கோடு உங்களுக்கே உரியதாகக் கிடைக்கும். வேண்டுமென்றே சிலவற்றைத் தாழ்வாகவும் சிலவற்றை உயரமாகவும் எறியுங்கள், இல்லாவிட்டால் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே குண்டால், களைப்பில்லாத நாளில், ஒரே பாணியில் எறியுங்கள். கோடு செங்குத்தாகச் சரிந்தால் உங்கள் கோணம் முப்பதுகளின் தொடக்கத்துக்கே வரலாம். மெல்லச் சரிந்தால் 38, 39 வரை போகலாம். அந்த எண்ணைக் கண்டுபிடித்த பிறகு கோணத்தை விட்டுவிடுங்கள். மிச்சப் பயிற்சி நேரம் முழுவதும் கால்களுக்கும் இடுப்புக்கும் கடைசித் தள்ளலின் வேகத்துக்கும் போகட்டும்.